தலைமையாசிரியர் மாறுதலும் கிராமத்தின் கடமையும்

ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் வேளையில், கிராமத்தார் நம் அலுவலகத்திற்குக் கொண்டுவரும் மனுக்களுள் ஒரு வகை மனு தவறாது இடம்பெறும். அது குடிநீர்க் குழாயைப் பற்றியதன்று; தெருவிளக்கைப் பற்றியதுமன்று. ‘எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரை மாற்றலாகாது’ என்று சில ஊரார் எழுதிக்கொண்டு வருவர். ‘மாறிப் போனவர் இடத்திற்கு உடனே ஒருவரை அனுப்புக’ என்று வேறு சிலர் கேட்பர். அரிதாக, ‘இப்போதுள்ளவரை எப்போது மாற்றுவீர்கள்?’ என்று கேட்போரும் உண்டு. வட்டார வளர்ச்சி அலுவலருக்கு இவற்றில் ஒன்றையும் செய்யும் அதிகாரம் இல்லை. ஆயினும் மனுவை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடவும் மனம் ஒப்புவதில்லை. கட்டடம் ஒன்றியத்தினுடையது, பிள்ளைகள் ஊராருடையவர்கள், ஆசிரியர் அரசுப் பணியாளர். இம்மூன்றும் ஓரிடத்தில் கூடுவதே ஊராட்சி ஒன்றியப் பள்ளி. ஆதலின், தலைமையாசிரியர் மாறுதல் எவ்வாறு நடைபெறுகிறது, அதில் கிராமம் எதனை இழக்கிறது, எதனைக் காத்துக்கொள்ளலாம் என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியமெனக் கருதி இதனை எழுதுகிறோம்.

ராஜபாளையம் வட்டாரத்துச் சோழபுரத்தில் காலை எட்டரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்ப்போர்க்கு இப்பொருள் எளிதில் விளங்கும். வயல் வேலைக்குப் போவோரும் ஆலை வேலைக்குப் போவோரும் ஒரு பக்கம் ஏறுவர். மறுபக்கம், தோளில் பையும் கையில் சோற்றுப் பாத்திரமுமாக ஆசிரியைகள் இறங்குவர். சிலர் அங்கேயே பணியாற்றுவோர். சிலர் ஆட்டோவிலோ, வழியில் செல்லும் இருசக்கர வண்டியிலோ உள்ளூர்களுக்குச் செல்வர். பாண்டிய நாட்டின் நடுவே சோழன் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் அது. பெயர்கள் ஊர் விட்டு ஊர் வந்து நிலைத்துவிடுகின்றன. மனிதர் நிலைப்பதுதான் அரிது.

அவ்வட்டாரத்துப் பெரியவர் ஒருவர், தம் ஊர்ப் பள்ளியின் ‘பெரிய டீச்சர்’ மாறுதல் பெற்றுச் சென்றதைப் பற்றி நம்மிடம், “ஐயா, கதிர் பால் பிடிக்கிற நேரத்துல மடையை அடைச்ச மாதிரி ஆயிப்போச்சு” என்றார். நெல் விளைவித்தவர் வாயிலிருந்தன்றி இவ்வுவமை வேறெங்கிருந்தும் வந்திராது. ஆனால் மடையை அடைத்தவர் யார், ஏன் அடைத்தார், அடைக்காமலே நீரைத் திருப்பியிருக்கலாகாதா என்பவற்றை ஆராய வேண்டாமா?

சிறு பள்ளியில் தலைமையாசிரியர்

நகரத்து மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் மாறினால், பிள்ளைகளுட் பலர் அதனைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில்தான் அறிவர். கிராமத்துத் தொடக்கப் பள்ளியின் நிலை வேறு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 150 பிள்ளைகளுக்கு மேற்பட்டால்தான் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குப் புறம்பாகத் தலைமையாசிரியர் ஒருவர் என அச்சட்டம் கூறுகிறது. நம் சிற்றூர்ப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் தலைமையாசிரியர் என்பவர், இரண்டு ஆசிரியருள் ஒருவரே. அவரே வகுப்பெடுப்பார், சேர்க்கைப் பதிவேட்டில் எழுதுவார், காலை உணவும் சத்துணவும் முறையாக நடக்கின்றனவா என்று பார்ப்பார், கணினியில் வருகையைப் பதிவார், பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டுவார், கழிவறைக் குழாய் உடைந்தால் நம் ஒன்றியப் பொறியாளருக்குத் தொலைபேசியில் நினைவூட்டுவார். எந்த வீட்டுப் பிள்ளை கரும்பு வெட்டுக்குப் பெற்றோருடன் வெளியூர் போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்பதும் அவர் மனத்திலேயே இருக்கும். இத்தகைய ஒருவர் மே மாதத்தில் சென்று, அடுத்தவர் வரச் சில மாதங்கள் ஆகுமாயின், பள்ளியின் பாதி போய்விட்டதென்றே கொள்ள வேண்டும். மீதிப் பாதியாகிய உதவி ஆசிரியர், ஐந்து வகுப்பையும் பொறுப்புத் தலைமையையும் ஒரே நேரத்தில் சுமப்பார்.

மாற்றுவோர் யார்?

இவ்விஷயத்தில் கிராமத்தாரிடையே பழைய எண்ணங்கள் இன்னும் நிலவுகின்றன. ‘ஒன்றியத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்’ என்று கருதுவோர் உளர். ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது. ஜில்லா போர்டு நாள்களில் ஆசிரியரை மாற்றும் அதிகாரம் போர்டின் கையில் இருந்தது. பெரிய மனிதர் ஒருவரின் மனம் கோணினால் வாத்தியார் மூட்டை கட்ட வேண்டியிருந்தது என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1958ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிகள் சட்டத்தின்படி ஜில்லா போர்டுகள் நீங்கி ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களின் வசம் வந்தன. அன்று நாம் அமர்ந்திருக்கும் இதே நாற்காலியில் ஒன்றிய ஆணையராக அமர்ந்தவர், ஆசிரியர்களுக்கும் அதிகாரியாக இருந்தார். பிறகு 1981 ஜூன் முதல் நாள் தொட்டு ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசுப் பணியாளர் ஆயினர். கட்டடம் மட்டும் ஒன்றியத்திடம் தங்கியது. இன்று ஓட்டை மாற்றும் அதிகாரம் நமக்கு உண்டு. ஆசிரியரை மாற்றும் அதிகாரம் இல்லை. இது நன்மையே என்பது நம் கருத்து. ஓர் ஊர்ப் பகையில் ஆசிரியர் பலியாவது பெருமளவு குறைந்தமைக்கு இம்மாற்றம் ஒரு காரணமாகும்.

இப்போது பொது மாறுதல், கலந்தாய்வின் வாயிலாக நடைபெறுகிறது. காலியிடங்கள் கணினியில் காட்டப்படும். விண்ணப்பித்தோர் முன்னுரிமை வரிசைப்படி தமக்கு வேண்டிய பள்ளியைத் தெரிவு செய்வர். பார்வையிழந்தோர், மாற்றுத்திறனாளிகள், கடும் நோய்க்குச் சிகிச்சை பெற்றோர், கணவனை இழந்தோர், படைவீரரின் மனைவியர், கணவன் ஓரிடத்திலும் மனைவி ஓரிடத்திலுமாகப் பணிபுரிவோர் ஆகியோர்க்கு முன்னுரிமை உண்டு. இதனையன்றி, இருவர் தமக்குள் ஒத்துக்கொண்டு இடம் மாற்றிக்கொள்ளும் மனமொத்த மாறுதலும், நிர்வாகக் காரணத்தால் செய்யப்படும் மாறுதலும், பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்த இடத்திலிருந்து ஆசிரியரை வேறிடத்திற்கு அனுப்பும் பணிநிரவலும் உண்டு. பதவி உயர்வினால் நேரும் இடப்பெயர்ச்சி தனி. உதவி ஆசிரியராக ஓரூரில் நற்பெயர் எடுத்தவர் தலைமையாசிரியராக உயரும்போது, அந்த ஊரிலேயே அப்பதவி காலியாக இருப்பது அருமை. ஆகவே உயர்வு என்றாலே பெயர்ச்சி என்றாகிறது.

இங்கே அண்மையில் நேர்ந்த பெரியதொரு மாற்றத்தைச் சொல்ல வேண்டும். நெடுங்காலமாகத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் பதவி உயர்வு, ஒன்றிய அளவிலான முன்னுரிமைப் பட்டியலைக் கொண்டே அளிக்கப்பட்டு வந்தது. ராஜபாளையம் ஒன்றியத்து ஆசிரியர் ராஜபாளையம் ஒன்றியத்திலேயே தலைமையாசிரியர் ஆவார். ஒன்றியத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரையே அவருடைய பயணம். 2023 டிசம்பர் 21ஆம் நாளிட்ட 243ஆம் எண் அரசாணை, இதனை மாநில அளவிலான முன்னுரிமையாக்கியது. இதனால், தம் ஒன்றியத்தில் காலியிடம் இன்றிப் பல்லாண்டு காத்திருந்தோர்க்கு வேறிடத்தில் உயர்வு கிட்டும் வழி பிறந்தது. மறுபுறம், உயர்வு வேண்டுமாயின் குடும்பத்தை விட்டுத் தொலைதூரம் போக வேண்டிய நிலையும் வந்தது. நம் மாவட்டத்திற்குள்ளேயே மேற்கே ராஜபாளையத்திற்கும் கிழக்கே நரிக்குடிக்கும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். மாநில அளவு என்றால் எவ்வளவு தொலைவு என்பதைக் கூற வேண்டியதில்லை. தொடக்கக் கல்வித் துறையில் பணிபுரிவோருள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களே மிகுதியும் பாதிக்கப்படுவர் என்று ஆசிரியர் இயக்கங்கள் இவ்வாணையை எதிர்த்துப் போராடின. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் கிராமத்தின் தரப்பு எது என்று எவரும் கேட்டதாக நமக்கு நினைவில்லை.

இத்துடன், 2025 செப்டம்பர் முதல் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் சேர்ந்துகொண்டது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாதவர் பதவி உயர்வு பெற இயலாது என்றும், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ளோர் இரண்டாண்டுக்குள் தேற வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. உயர்வுக்குக் காத்திருப்போர் தேங்க, ஓய்வுபெறுவோர் ஓய்வுபெற்றுக்கொண்டே இருப்பின், இடைக்காலத்தில் பொறுப்புத் தலைமையாசிரியரைக் கொண்டு ஓடும் பள்ளிகள் பெருகும். ஆகவே, ‘ஆள் வரும்வரை எப்படி ஓட்டுவது?’ என்ற கேள்வி இனி எல்லா ஊரையும் வந்து தட்டக்கூடியது.

ஆசிரியர் ஏன் போகிறார்?

கிராமத்தார் இதனைப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம். நம் வீட்டிலும் ஓர் ஆசிரியை உண்டு. விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டி, ஆறேகால் பேருந்தைப் பிடித்து, இரண்டு வண்டி மாறி, பள்ளி வாயிலில் ஒன்பது மணிக்கு நிற்கும் வாழ்க்கையை நாள்தோறும் கண்டு வருகிறோம். மாலையில் கடைசி வண்டி தவறினால் என்ன செய்வது என்ற அச்சம் அந்த வாழ்க்கையின் ஒரு பகுதி. அத்தகையவர், வீட்டுக்கு அருகில் ஓர் இடம் காலியானதும் விண்ணப்பிப்பதைப் பிழை என்று எவ்வாறு சொல்வது? அவர் ஊரை வெறுத்துப் போகவில்லை. பேருந்தை வெறுத்துப் போகிறார்.

ஆயினும் தனி மனிதர் பலரின் நியாயமான விருப்பங்கள் ஒன்றுகூடும்போது ஒரு பக்கமாகச் சரியும் என்பதையும் மறுக்க இயலாது. 2012ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அங்கே பெரியதொரு நகரப் பள்ளி மாவட்டத்தில் ஆண்டுதோறும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பள்ளித் தலைவர்கள் தம் பள்ளியை விட்டுச் சென்றதைக் கண்டது. தாமாக மாறியோர் பெரும்பாலும் வசதியுள்ள, நன்கு படிக்கும் பிள்ளைகள் உள்ள பள்ளிகளை நாடினர். தலைவர் மாறிய பள்ளிகளில் பிள்ளைகளின் தேர்ச்சி தாழ்ந்தது. வறுமை மிக்க பள்ளிகள் அனுபவம் பெறும் இடமாகவும், வசதியான பள்ளிகள் அதனைப் பயன்படுத்தும் இடமாகவும் ஆகிவிடுகின்றன. நம்மிடத்தில் பிள்ளைகளின் வசதியைவிடச் சாலையின் வசதியே ஆசிரியரை இழுக்கிறது. எனினும் விளைவு ஒன்றுதான்: கடைமடைக்குத் தண்ணீர் கடைசியாகவே வருகிறது.

இதற்குப் பிற நாடுகள் கண்ட வழிகள் பல. ஜப்பானில் ஆசிரியரும் பள்ளித் தலைவரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு பள்ளிக்கு மாற்றப்படுவது வழக்கம். மாறுதல் யாவும் கல்வியாண்டு தொடங்கும் ஏப்ரல் முதல் நாளிலேயே நடைமுறைக்கு வரும். போகிறவர் பிள்ளைகளிடம் விடைபெறுவதற்கென்றே பள்ளியில் ஒரு சடங்கு உண்டு. தென்கொரியாவில் பள்ளித் தலைவர் பதவி நான்காண்டுக் காலத்தது. மீண்டும் ஒரு முறை மட்டும் நீட்டிக்கலாம். நம் அண்டை மாநிலமான கர்நாடகம் 2007ஆம் ஆண்டில் ஆசிரியர் மாறுதலுக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, பள்ளிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, புதிதாகச் சேர்வோர் முதலில் உட்கிராமத்தில் பணியாற்ற வேண்டும் என விதித்தது. இவற்றுள் நம்மைக் கவர்வது ஜப்பானியரின் நாள் கணக்கே. நம் மாநிலத்தில் 2021-22ஆம் ஆண்டுக்கான கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கிற்று. பெருந்தொற்றுக் காலத்து இடையூறு அதற்கு ஒரு காரணம் என்பதை அறிவோம். ஆனாலும் ஆண்டு நடுவில் தலைமையாசிரியர் பெயர்வது, நாற்று நட்ட பிறகு வயலின் வரப்பை மாற்றுவது போன்றதாகும்.

ஓர் ஊரில் நடந்தது

இப்போதுள்ள இடத்திற்கு வருமுன் நாம் பணியாற்றிய வேறொரு வட்டாரத்தில் கண்ட நிகழ்ச்சியைக் கூறுகிறோம். ஊரின் பெயர் வேண்டாம். மானாவாரி நிலமும் ஒரு கண்மாயும் உள்ள சிற்றூர். பள்ளியில் 64 பிள்ளைகள். ஆகவே மூன்று ஆசிரியர். தலைமையாசிரியை ஒன்பதாண்டு அங்கிருந்தவர். அவ்வாண்டு மாறுதல் பெற்று மே இறுதியில் விடுவிக்கப்பட்டார். ஊரார் திரண்டு சாலையில் அமர்ந்தனர். மனு எழுதி மாவட்டத் தலைநகருக்குச் சென்றனர். நாமும் நேரில் போய்ப் பேசினோம். மாறுதல் நிற்கவில்லை, நின்றிருக்கவும் கூடாது. அவ்வம்மையார் நோயுற்ற மாமியாரைத் தனியே விட்டுவிட்டு நாள்தோறும் வந்தவர் என்பது பிறகே நமக்குத் தெரிந்தது. ஊராரில் எவரும் அதனைக் கேட்டறிந்திருக்கவில்லை.

போராட்டத்தில் ஜூன் மாதம் முழுவதும் கழிந்தது. அந்த ஜூனில்தான் தனியார் பள்ளியின் வேன் முதன்முறையாக அவ்வூருக்குள் வந்தது. ‘பள்ளிக்கே தலை இல்லை, பிள்ளையை அனுப்பி என்ன?’ என்று இரண்டு வீட்டார் வேனில் ஏற்றினர். அவர்களைப் பார்த்து மேலும் இரண்டு வீட்டார். வெளியூர் வேலைக்குப் போய்த் திரும்பிய குடும்பத்தின் பிள்ளைகள் இருவர் பள்ளிக்கு வரவே இல்லை. அவர்களை வீட்டுக்குப் போய் அழைத்து வருவது முன்னிருந்தவரின் வழக்கம். பொறுப்பிலிருந்த இளம் ஆசிரியருக்கு அந்த வீடு எதுவென்று தெரியாது. ஆகஸ்டு முதல் நாள் கணக்கில் பிள்ளைகள் 58.

ஆகஸ்டு முதல் நாள் எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது என்பதை வாசகர்கள் இங்கே நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். 60க்குக் கீழ் இறங்கியதால் மூன்றாம் ஆசிரியர் இடம் உபரி எனக் கணக்கிடப்பட்டது. பணிநிரவலில் அவ்விடம் வேறு பள்ளிக்குச் சென்றது. புதிய தலைமையாசிரியர் நவம்பரில் வந்து சேர்ந்தார், நல்லவர், உழைப்பாளி. ஆனால் அவர் வந்தபோது மூவர் பள்ளி இருவர் பள்ளியாக மாறத் தொடங்கிவிட்டது. வங்கிக் கணக்கில் கையெழுத்து மாறாததால், பள்ளி மானியமும் அதுவரை எடுக்கப்படாமல் கிடந்தது. சுண்ணாம்பு அடிக்கவில்லை, குடிநீர்த் தொட்டி கழுவவும் காசில்லை.

ஊரார் எதற்காகச் சாலையில் அமர்ந்தனரோ, அதனை இழக்கச் செய்தது அவர்கள் சாலையில் அமர்ந்த அந்த ஒரு மாதமே என்பதை எண்ணி நாம் இன்றும் வருந்துகிறோம். நம் பங்கும் அதில் உண்டு. அமைதி காக்கச் சொல்லிப் பேசிவிட்டுத் திரும்பினோமே தவிர, வங்கிக் கையெழுத்தைப் பற்றியோ, வராத இரு பிள்ளைகளைப் பற்றியோ அன்று ஒரு வார்த்தையும் கேட்டோமில்லை.

கிராமம் செய்யத்தக்கவை

கண்மாய்ப் பாசனம் உள்ள ஊரில் நீர்பாய்ச்சி மாறும்போது என்ன செய்கிறோம்? பழையவர் புதியவரை அழைத்துக்கொண்டு கரையில் நடப்பார். ‘இந்த மடையில் கசிவு உண்டு, இந்த வாய்க்காலில் மேட்டு நிலத்துக்கு முதலில் விட வேண்டும், இந்தப் பங்காளிகளுக்குள் வழக்கு, இருவருக்கும் ஒரே நாளில் விடாதே’ என்று காட்டிக்கொடுப்பார். இது எந்தப் பதிவேட்டிலும் இல்லாத அறிவு. பள்ளியில் பொறுப்பு ஒப்படைக்கும்போது மேசை, நாற்காலி, சேர்க்கை நீக்கப் பதிவேடு, சாவிக் கொத்து ஆகியவை எண்ணி ஒப்படைக்கப்படுகின்றன. கரையில் நடப்பது மட்டும் நிகழ்வதில்லை. சாவியை வாங்குவதற்கும் பூட்டு எங்கே இருக்கிறது என்று அறிவதற்கும் வேறுபாடு உண்டன்றோ! நாமே ஊர் ஊராக மாறிப் பணியாற்றுபவர். புது அலுவலகத்தில் முதல் வாரம் கோப்புக் கட்டுகளின் நடுவே திகைத்து நின்ற அனுபவம் நமக்கும் உண்டு.

கரையில் நடக்கச் செய்வது பள்ளி மேலாண்மைக் குழுவின் வேலை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இக்குழுவை அமைக்கச் சொல்கிறது. நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நம் மாநிலத்தில் 2024இல் குழுக்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, முன்னாள் மாணவரையும் சேர்த்து 24 பேர் கொண்டதாக ஆக்கப்பட்டது. உள்ளாட்சி உறுப்பினர்க்கும் இடம் உண்டு. 2025 ஜனவரியில் நம் மாவட்டம் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிவுற்று, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். பதவி முடிந்ததால் பள்ளியின் மீதுள்ள பொறுப்பும் முடிந்தது என்று முன்னாள் உறுப்பினர் எவரும் கருத வேண்டியதில்லை. பள்ளிப் படியில் ஏறத் தேர்தல் சான்றிதழ் கேட்பார் இலர். இக்குழுவுக்கு ஆசிரியரை மாற்றவோ நிறுத்தவோ அதிகாரம் இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் மாறுதலின் இடைவெளியைச் சுருக்கும் ஆற்றல் அதற்கு நிரம்ப உண்டு.

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது வங்கிக் கணக்கு. தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் இணைந்தே பணத்தைக் கையாளுகின்றனர். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாயும், 31 முதல் 100 வரை உள்ளதற்கு 25,000 ரூபாயும் பள்ளி மானியமாக வரையறுக்கப்பட்டுள்ளது. வரும் தொகை சிறிதாயினும் எடுக்க முடியாமல் கிடந்தால் பயன் என்ன? தலைமையாசிரியர் விடுவிக்கப்படும் நாளிலேயே குழு கூடி, பொறுப்பேற்பவர் இன்னார் என்று தீர்மானம் எழுதி, மறுநாளே வங்கிக்கு ஒருவரை அனுப்பிவிட்டால், இரண்டு வாரத்தில் முடியும் காரியம் ஐந்து மாதத்திற்கு நீளாது.

அடுத்தது பிள்ளைகள். வேன் வருவது ஜூனில், கணக்கெடுப்பது ஆகஸ்டில். இடைப்பட்ட இரண்டு மாதமே ஆபத்தான காலம். தலைமையாசிரியர் இல்லாத ஜூனில், குழுவின் தாய்மார் நால்வர் தெருவுக்கொருவராகப் பிரிந்து, சென்ற ஆண்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் வர வேண்டும். ஐந்து வயது நிரம்பிய பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பது அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரியும். அவரையும் உடனழைத்துச் செல்லலாம். உதவி ஆசிரியர் வகுப்பை விட்டுவிட்டுத் தெருவில் அலைவதற்கு இல்லை என்பதை நினைவிற்கொள்க. காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் சுயஉதவிக் குழு மகளிரும் இவ்வேலைக்கு உற்ற துணையாவர். எந்தப் பிள்ளை வரவில்லை என்பது உப்புமாத் தட்டை எண்ணுபவருக்கு முதலில் தெரியும்.

பேருந்து நேரம் ஒன்றும் அற்பக் காரியமன்று. முற்பகல் ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கரை மணிக்குப் பின்னும் ஒரு வண்டி ஊரைத் தொட்டுச் சென்றால், ஆசிரியர் அவ்வூரைத் தெரிவு செய்யவும் அங்கே நிலைக்கவும் அது பெரிதும் உதவும். மே முதல் நாள் கிராம சபை, மாறுதல் பருவத்திற்குச் சற்று முன்பாக வருகிறது. ‘தலைமையாசிரியரை மாற்றக்கூடாது’ என்று அதில் தீர்மானம் போடுவதினும், வண்டி நேரத்தை மாற்றித் தரும்படி போக்குவரத்துக் கழகத்திற்குத் தீர்மானம் அனுப்புவது பயன் தரும். ஆசிரியைகளுக்கென நல்ல கழிவறை, அறைக்குள் ஒரு மின்விசிறி ஆகியவற்றைப் பற்றி நம் அலுவலகத்திற்கு எழுதுங்கள். அவை நம் அதிகாரத்திற்கு உட்பட்டவை. எழுதாமலே வந்திருக்க வேண்டும் என்று கேட்போர்க்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

மற்றொன்றையும் ஒளிக்காமல் கூற வேண்டும். புதிதாக வருபவர் எந்தத் தெருவினர், எந்தச் சாதியினர் என்று விசாரிக்கும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் உண்டு. வந்த முதல் வாரத்தில் அவ்விசாரணையைச் சந்தித்தவர், அடுத்த கலந்தாய்வுக்கு அன்றே விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிடுவார். பிறகு ‘எங்கள் ஊருக்கு எவரும் நிலைப்பதில்லை’ என்று நம்மிடம் வந்து முறையிடுவதில் பொருளில்லை. அவ்வாறே, கடமையில் தவறும் தலைமையாசிரியரை ‘வேறு ஊருக்கு மாற்றிவிடுங்கள்’ என்று கேட்பதும் முறையன்று. நம் வயலின் களையைப் பிடுங்கி அடுத்தவன் வயலில் நடுவதற்கு ஒப்பாகும் அது. குறையை எழுத்தில் வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, அங்கேயே திருத்தச் செய்வதே நேர்வழி.

சோழபுரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றில் சென்ற கோடையில் கண்டதைச் சொல்லி முடிக்கிறோம். அங்கிருந்த தலைமையாசிரியர் வேறிடத்திற்குத் தெரிவு பெற்றார். ஊரார்க்கு வருத்தமே, ஆனால் மனு எழுதவில்லை. விடுவிக்கப்படும் முன் அவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கம் எழுதினார்: பெயர், தெரு, பெற்றோர் செய்யும் வேலை, தமிழ் வாசிப்பு எந்த அளவில் உள்ளது, கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியுமா, கண்பார்வை எப்படி, யார் சொன்னால் கேட்கும். குழுத் தலைவியாகிய தாய், நோட்டை வாங்கித் தம் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்தார். அடுத்தவர் ஜூலை இரண்டாம் வாரத்தில் வந்தபோது, பழையவர் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். இருவருமாகக் காலையில் மேலத் தெருவில் தொடங்கி வீடு வீடாக நடந்தனர். அன்று நாம் குடிநீர்த் தொட்டி வேலையைப் பார்வையிட அங்கே சென்றிருந்தோம்.

கடைசித் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டி ஒருவர், “இனிமே யாரு சார் எங்க பேத்தியக் கூட்டியாருவா? அவ தானா வரமாட்டாளே” என்றார். பழையவர் மறுமொழி கூறுமுன், புதியவர் நோட்டைப் புரட்டி, “சாக்பீஸ் டப்பாவை எடுத்து வரச் சொன்னால் வந்துவிடுவாள் என்று எழுதியிருக்கிறதே, பாட்டி” என்றார். உள்ளேயிருந்து சிறுமி எட்டிப் பார்த்தாள். மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் பள்ளிக்கு வந்துவிட்டதாக ஒன்றியப் பொறியாளர் தொலைபேசியில் தெரிவித்தார். தொட்டிக்கு மூடி இன்னும் வரவில்லை என்பதும் அவர் சொன்ன செய்தி; அதற்கு ஏற்பாடு செய்துள்ளோம்.